பேரிக்காய் மரமும் வீடு காலி செய்தது

எங்கள் வீட்டு ஓனர் தினேஷ்குமார் தங்கமான மனிதர். கோத்தகிரியில் அவருடைய வீட்டில் பதினைந்து வருடம் வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார். அவ்வளவுதான், வேறு தொந்தரவு கிடையாது. அவரைக் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம், வந்த வருடமே வாசலில் ஒரு பேரிக்காய்க் கன்று நட்டதுதான்.

மழைக்காலத்தில் ஒருநாள் வந்து, வீட்டை இடித்து டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டப்போவதாகச் சொன்னார். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டுமாம். மரத்தை வெட்டி விறகாக்கிக்கொள்ளலாம் என்று பெரிய மனசும் பண்ணினார். கீழ் கோத்தகிரியில் எங்கள் சொந்த இடத்தில் சின்னதாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பீரோ வருகிறதோ இல்லையோ, மரம் வரும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே அடிமரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளிச் சுற்றிலும் பள்ளம் தோண்டி, ஓடின வேர்களை அறுத்து, எருவும் மண்ணும் போட்டு மூடினேன். கிட்டத்திலேயே புதுவேர் விட்டால்தான் மரம் பயணம் தாங்கும். இலையெல்லாம் கொட்டி அது தூங்குகிற மார்கழியில், மண்கட்டி உடையாமல் சாக்கு சுற்றி, பிக்கப் வண்டியில் ஏற்றுவதாக ஏற்பாடு.

நடுவில் என் கணவர் லிங்கசாமியின் உதவி வந்து சேர்ந்தது. அவர் எஸ்டேட்டில் தேயிலைக்குக் கவாத்து வெட்டுகிறவர். வேர் குறைந்தால் தலையும் குறைய வேண்டும் என்று, நான் பாத்திரம் மூட்டை கட்டுகிற நேரம் பார்த்துக் கத்தியை எடுத்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் மரம் மேலே ஒரே மட்டமாக, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை மாதிரி நிற்கிறது. தேயிலையையே வெட்டின கைக்கு வேறு உருவம் தெரியுமா? பூவிட வேண்டிய நுனியெல்லாம் தரையில் கிடந்தது. தழைத்துவிடும் என்றார். அன்று ராத்திரி சோற்றை அவரே போட்டுக்கொண்டார்.

மார்கழியில் சொன்னபடி வண்டியேற்றிக் கொண்டுபோய், புது இடத்தில் முன்பு மண் இருந்த மட்டத்துக்கே குழியில் இறக்கி, காற்றுக்கு ஆடாமல் கயிறு கட்டி, பனிக்குக் கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலார்க் குச்சிகளால் மூடினேன். பிறகு துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சுசீலா தினம் கீறினாள். பனியில் சாகாவிட்டாலும் இவர்கள் பரிசோதனையில் செத்துவிடும் போலிருந்தது.

மாசியில் ஊரில் இருக்கிற பேரி மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. என் மேசை மட்டும் அப்படியே நின்றது. லிங்கசாமி அதைப் பார்க்காமலே வேலைக்குப் போய் வந்தார். நான் ஒருநாள் அதன் அடியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

பங்குனியில் வெட்டுக்குக் கீழே துளிர் வந்தது. அதே வாரத்தில் தினேஷ்குமாரும் வந்தார். கட்டடம் முடியுமுன்பே 'பேர் ட்ரீ காட்டேஜ்' என்று போர்டு வைத்து, எங்கள் பேரி மரம் பூத்து நிற்கிற பழைய போட்டோவைப் போட்டு சீசனுக்கு புக்கிங் வாங்கிவிட்டாராம். வருகிறவர்கள் மரம் எங்கே என்று கேட்பார்களாம்.

"என்ற மண்ணுல வளந்த மரந்தானுங்களே. ஆள் அனுப்பறேன், பத்திரமா எடுத்துட்டு வந்துருவாங்க."

மண் அவருடையதுதான். பதினைந்து வருடம் அரிசி கழுவின தண்ணீர் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. லிங்கசாமி கவாத்துக் கத்தியோடு வந்து மரத்தை ஒட்டி நின்றுகொண்டார். கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

"ஒருக்கா புடுங்கி நட்டதே போதுமுங்க," என்றேன். "இன்னொருக்கா அதும் தாங்காது, நானும் தாங்க மாட்டேன். அந்தப் போட்டோவப் பெருசாக்கி, காட்டேஜு சுவத்துல மாட்டிக்குங்க. ஆணி அடிக்க எங்களக் கேக்க வேண்டியதில்லீங்க."