ஊதியதாகச் சொன்ன சங்கு

அத்தான் செத்துப் பத்து நாள் கழித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த காகிதத்தை அக்கா என்னிடம் நீட்டினாள். 'அபாயச் சங்கு முறைப்படி ஊதியும் கொதிகலன் அறையை விட்டு வெளியேறாதது தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"போடவா?" என்றாள். "வெளிய இருந்தவங்க சங்கே கேக்கலங்கறாங்க. ஆபீஸ்ல மொத நாள்லேருந்தே கம்ப்யூட்டரக் காட்டி, ரெண்டு பத்துக்கு ஊதியிருக்குன்னு சாதிக்கறாங்க. நீ எழுதின புரோகிராம்தானே? அது பொய் சொல்லாதுல்ல?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாவுச் செய்தி வந்த மறுநாளே புரோகிராமைத் திறந்து, தப்பு எந்த வரியில் என்று பார்த்துவிட்டவன் நான்.

புரோகிராமை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன், அதுதான் கொடுமை. வாயு கசிந்தால் எச்சரிக்கிற பகுதி தானே சங்கைத் தேடிப் போகாது. கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்கிற புரொவைடர் என்று ஒன்றை அதன் கையில் கொடுத்துவிடுவோம். 'சங்கு கொடு' என்று அதனிடம் கேட்கும், கொடுத்ததை வாங்கி ஊதும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காது. வந்தது நிஜச் சங்கா போலிச் சங்கா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இந்தத் தெரியாமையைத்தான் நல்ல வடிவமைப்பு என்று நாங்கள் மார்தட்டிக்கொள்வோம்.

சோதனையின்போது நிஜச் சங்கு ஒரே காலையில் மூன்று முறை அலறி, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "ஏன்யா ஊரக் கூட்டற?" என்று மேலாளர் கத்தினார். அதனால் போலிச் சங்கு ஒன்று எழுதினேன். சத்தம் போடாது, 'ஊதியாச்சு' என்று மட்டும் பதில் சொல்லும். புரொவைடரில் ஒரே வரியை மாற்றி, அதைக் கொடுக்கச் சொன்னேன். வேலையை ஒப்படைக்கும்போது அந்த வரியைத் திரும்ப மாற்ற மறந்தேன். அன்றைக்கும் நிஜமாக ஊதிப் பார்க்க யாருக்கும் துணிச்சலில்லை. திரையில் பச்சை எழுத்தில் 'ஊதியாச்சு' வந்தது, மேற்பார்வையாளர் தலையாட்டினார், நான் பல்லிளித்துக்கொண்டு நின்றேன்.

விபத்தன்று கசிந்தது மணமில்லாத வாயு. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம்.

"பொய்தான் சொல்லுதுக்கா," என்றேன். "சங்கு ஊதவே இல்ல. ஊதாமயே ஊதினதா சொல்ற மாதிரி நான்தான் வச்சேன். மாத்த மறந்துட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். மகள் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளா அவரத் திட்டிட்டே இருக்கேன்டா," என்றாள். "சங்கு ஊதியும் அசையல, எங்கள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாக்கலன்னு. இவகிட்டயும் அதையேதான் சொல்லி வச்சிருக்கேன்."

காகிதத்தைத் திருப்பி, எழுதாத பக்கத்தை என் முன்னால் வைத்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

"அது அப்புறம். மொதல்ல அவகிட்ட சொல்லு," என்றாள் அக்கா. சமையலறையைப் பார்த்து மகளைக் கூப்பிட்டாள்.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே அவள் வந்து நின்றாள்.

"என்ன மாமா?" என்றாள்.