இந்தி தெரியாத வீடு

அந்தப் படத்தை இலக்கியா மூன்றாவது முறை பார்த்தபோதுதான் அவளுடைய அண்ணன் கந்தவேல் கூட இருந்தான்.

முதல் இரண்டு முறையும் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பார்த்தாள். ராசிபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ரூபன்தான் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தான். இந்திப் படம், கீழே தமிழ் எழுத்து ஓடும். ஒன்றரை வருஷத்தில் அப்படி முப்பது படமாவது கொடுத்திருப்பான். எல்லாம் ஒரே ரகம். வடநாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த காதல் கதைகளை எடுத்து, நாயகிக்கு ஜீன்ஸ் மாட்டி, நாயகனை புல்லட்டில் ஏற்றி, வாள் இருந்த இடத்தில் துப்பாக்கியை வைத்துப் புதிதாகப் படம் பிடித்தவை. எத்தனை புதிது பண்ணினாலும் கடைசியில் இரண்டு பேரும் செத்துப்போவார்கள்.

“எல்லாத்தையும் மாத்துறாங்க. முடிவ மட்டும் ஏனுங்க மாத்த மாட்டேங்கறாங்க?” என்று ஒருமுறை ரூபனிடம் கேட்டாள்.

“அது செத்தாத்தான் பெரிய காதல். பொழைச்சா அது வெறும் கல்யாணம்” என்று அவன் சிரித்தான். “நாம வெறும் கல்யாணமே பண்ணிக்கலாம் இலக்கி.”

கந்தவேல் போர்வெல் வண்டியில் வேலை செய்பவன். வருஷத்தில் எட்டு மாசம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிணறு துளைத்துக்கொண்டு திரிவான். மழைக்காலத்தில்தான் வண்டி நாமகிரிப்பேட்டைக்குத் திரும்பும். பணத்தோடு இந்தியும் கொண்டுவந்தான். அந்த வீட்டில் அவனைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அதனால் டிவியில் இந்திப் படம் ஓடினால் அவன்தான் கதை சொல்லவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அப்படித்தான். அம்மா பொன்னாயி நிலக்கடலை உரித்துக்கொண்டே, “அந்தப் புள்ள என்னடா சொல்லுது?” என்றாள்.

“ஊட்டுக்குப் போகோணுமாம்மா.”

“அதுக்கா இத்தன அழுகை? பஸ்ஸு இல்லியா அந்த ஊர்ல?”

படத்தில், ஓடிப்போன தங்கைக்கு அண்ணன்காரன் தூது அனுப்புகிறான். மன்னித்துவிட்டேன், நானே கட்டிவைக்கிறேன், பையனை மட்டும் பேச வரச்சொல் என்கிறான். பொழுது சாயும் நேரம் பையன் கரும்புக்காட்டுக்குள் நடந்து வருகிறான். அந்த இடத்தில் கந்தவேல் டிவியை அணைத்தான்.

“ஏஞ்சாமி நிறுத்திட்ட?”

“முடிவு நல்லாருக்காதும்மா. நீ தாங்க மாட்ட.”

அவன் கண் கலங்கியிருந்தது. துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனான். இலக்கியா அதைப் பார்த்தாள். முகம் தெரியாத எவளோ ஒருத்திக்காக அழுகிறவன் கூடப் பிறந்தவளை என்ன செய்துவிடப் போகிறான்? ஒன்றரை வருஷம் தொண்டையில் நின்ற சொல்லுக்கு அன்று வழி கிடைத்தது.

மறுநாள் காலையில் அவன் பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போய்ச் சொன்னாள்.

அவன் அடிக்கவில்லை, ஒரு சொல் உரத்துப் பேசவில்லை. “பையன் பேரு?” என்றான். சொன்னாள்.

“வேதக்காரங்களா? சர்ச்சுக்குப் போறவங்களா?”

“ஆமாங்ணா.”

“எந்தத் தெரு?”

அதையும் சொன்னாள். அவன் கையிலிருந்த துணி ஒரு கணம் நின்று, மறுபடி சக்கரத்தைத் துடைத்தது.

மூன்று நாள் வீட்டில் அம்மாவின் அழுகை மட்டும்தான் கேட்டது. அரளி விதையை அரைத்துக் குடிப்பேன் என்றாள். கந்தவேல் சாப்பிட்டான், தூங்கினான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். நான்காம் நாள் அவனே அம்மாவிடம், “கருப்பணாருகிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாம். சாமி சொல்றதுக்கு மேல நாம ஆரு?” என்றான்.

அவர்கள் வகையறாவில் பூக் கேட்காமல் எந்தச் சம்பந்தமும் முடிந்ததில்லை. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சாமி முன்னால் உருட்டிவிட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் போனார்கள். பொட்டலங்களைக் கந்தவேலே இலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பூசாரி ராசப்பன் இரண்டையும் உருட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அம்மாதான் எடுத்தாள்.

ராசப்பன் நூலைப் பிரித்தார். வெள்ளை.

“கருப்பா, நீயே சொல்லிப்போட்டியா” என்று அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான்கு நாளில் முதல் தடவையாக.

இலக்கியா திருநீறு எடுக்கப் போனாள். தட்டுக்குப் பக்கத்தில் மற்றப் பொட்டலம் கிடந்தது. தன் வாழ்க்கையில் வராமல்போன பூவைப் பார்க்கும் ஆசையில் பிரித்தாள்.

அதுவும் வெள்ளைதான்.

முதலில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அம்மா சம்மதிக்க வேண்டுமென்று அண்ணன் சாமியையே ஏமாற்றியிருக்கிறான். பொட்டலத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவனைத் தேடிப் போனாள். கோயிலுக்குப் பின்னால், புளியமரத்தடியில், அவளுக்கு முதுகு காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்தியில்.

வண்டிக்காரர்களோடு அவன் இந்தியில் பேசுவது புதிதல்ல. ஆனால் அவள் நின்றுவிட்டாள். ‘ஷாம்’ என்றான். சாயந்தரம். ‘கேத்’ என்றான். வயக்காடு. ‘அகேலா’ என்றான். தனியாக. இலக்கியா இந்தி படித்தவளல்ல. இந்த மூன்று சொற்களையும் முப்பது படங்களில் காதால் கேட்டு, அதே நேரம் கீழே தமிழில் வாசித்திருந்தாள். எல்லாப் படத்திலும் அவை பக்கத்தில் பக்கத்தில்தான் வரும்.

“அகேலா ஆயேகா”, தனியாக வருவான், என்று சொல்லிவிட்டுக் கந்தவேல் திரும்பினான். தங்கையைப் பார்த்ததும் சிரித்தான்.

“சந்தோசந்தானே சாமி? பையனுக்குப் போன் போடு. சாயந்தரம் நம்ம மரவள்ளிக் காட்டுக்கு வரச் சொல்லு. பேசி முடிச்சுக்கலாம். அவனே வரட்டும், கூட்டம் வேண்டாம்.”

அம்மாவும் வந்து சேர்ந்தாள். “சொல்லு கண்ணு. அந்தப் பையனும் காத்துக்கிட்டிருப்பான்ல?”

“ஸ்பீக்கர்ல போடு. நானும் ஒரு வார்த்த பேசறேன்” என்றான் கந்தவேல்.

மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் ரூபன் எடுத்தான். “என்னாச்சு இலக்கி? வெள்ளப் பூ வந்துச்சா?”

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. கோயில் சுவரைப் பார்த்தாள்.

“செவப்பு வந்துருச்சுங்க.”

அம்மா, “அடிப் பாவி, என்ன சொல்ற?” என்று கையைப் பிடித்தாள்.

“சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு. இனி ஆரு கூப்பிட்டாலும் வராதீங்க. நானே கூப்பிட்டாலும் வராதீங்க. கடையச் சாத்திட்டு இப்பவே சேலத்துக்குப் போயிருங்க.”

ரூபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் போனை அணைத்தாள். மெமரி கார்டோடு சிம்மையும் உருவி வாயில் போட்டுக் கடித்தாள்.

கந்தவேல் பாய்ந்து வரவில்லை. பொத்தியிருந்த அவளுடைய இன்னொரு கையை மெதுவாக விரித்து, உள்ளே கசங்கியிருந்த வெள்ளைப் பூக்களைப் பார்த்தான். பிறகு தான் நின்றிருந்த புளியமரத்தைப் பார்த்தான். அங்கிருந்து அவள் நிற்கும் இடம் எத்தனை அடி என்று கண்ணால் அளந்தான்.

“உனக்கு இந்தி எப்பத் தெரியும் சாமி?”

அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி, வண்டியில ஏறு. ஊட்டுக்குப் போலாம். அம்மா பின்னால பஸ்ஸுல வரட்டும்.”

“நானும் பஸ்ஸுலயே வாரேனுங்ணா.”

அம்மாவின் புடவை முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவள் ரோட்டோரம் போய் நின்றாள். கந்தவேல் வண்டியை அவர்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, காலூன்றி உட்கார்ந்தான். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.