சிவப்புத் துணி கட்டிய தோட்டம்

1

இந்தக் கதையை நான் ஒரு விருந்தில் திருடினேன். கம்பத்தில் திராட்சை வியாபாரம் பார்க்கும் என் ரசூல் மாமா, பிரியாணிக்கும் பீடாவுக்கும் நடுவில் எப்போதும் இதைச் சொல்வார். அவர் சொல்லும்போது அவர்தான் கதாநாயகன். ஓடைப்பட்டித் தோட்டத்துக்குள் நுழைவார், அயோக்கியன் ஒருவனைப் பிடிப்பார், கதை முடிந்துவிடும். தோட்டத்துக்குள் அவனிடம் மாட்டியிருந்த அந்தப் பெண் என்ன ஆனார் என்று ஒருமுறை கேட்டேன். "அது கெடக்கு விடும்மா" என்று பீடாவை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: மலையிலிருந்து இறங்கிய மேகம் பந்தல்களின் மேல்

(அடித்துவிட்டேன். மேகத்துக்கு இங்கே வேலையில்லை.)

முதல் வரி, மறுபடியும்: அவர் பெயர் திரிஷா.

அதுவும் பொய்தான். உண்மைப் பெயரை அச்சிடச் சட்டம் விடாது, நானும் விடமாட்டேன். ஆளைத் தேடிப் போய், "நீங்களே ஒரு பேரு சொல்லுங்கக்கா" என்றேன். பேரன் எடுத்தவர், கொஞ்சமும் யோசிக்காமல், "திரிஷான்னு போடு ஆத்தா, நல்லாத்தான இருக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"எழுது. ஆனா அச்சுக்குக் குடுக்குறதுக்கு முந்தி எனக்குப் படிச்சுக் காட்டணும். ஊரு என்னயப் பாக்கும்போதெல்லாம் அந்தத் தோட்டத்துக்குள்ள வச்சுத்தான் பாக்குது. நீயும் அப்பிடித்தான் பாப்பேன்னா வேண்டாம்."

2

வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் திராட்சைக்கு மருந்தடித்தால் தோட்டத்து வாசலில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி தொங்கும்வரை யாரும் உள்ளே போகமாட்டார்கள். உள்ளே ஆடு கத்தினால்கூடப் போகமாட்டார்கள்.

மாமா பிடித்தாரே, அவன் மருந்தடிக்கிறவன். ஓடைப்பட்டி, மார்க்கையன்கோட்டை என்று பல தோட்டங்களுக்குப் போவான். வேலை முடிந்து பெண்கள் கிளம்பும்போது, "மருந்து கலக்கத் தண்ணி ஊத்தணும், ஒராளு இருங்க" என்பான். எல்லோரும் போனபின் துணியைக் கட்டுவான். அன்றைக்கு மருந்தே அடிக்கமாட்டான்.

அடுத்து வரவேண்டிய பத்தியை எழுதவில்லை. எழுதாததை நீங்கள் கற்பனை செய்யவும் வேண்டாம்.

பல வருடம் இப்படியே நடந்திருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கு மட்டும்தான் இது நடந்தது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். கடைசியில் அவனுக்குக் கணக்குத் தப்பியது. காய் வெட்டப்போகும் அறுவடை வாரத்தில் யாரும் மருந்தடிக்கமாட்டார்கள். பழக்கத்தில் அந்த வாரமும் துணியைக் கட்டிவிட்டான். அது மாமா அட்வான்ஸ் கொடுத்திருந்த தோட்டம்.

"வெட்டுக்கு முந்தி மருந்தடிச்சா எவன்மா வாங்குவான்? வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டே உள்ள போனேன்" என்பார் மாமா.

திராட்சைக்காகத்தான் போயிருக்கிறார். அவர் போட்ட சத்தத்தில், விலைத் தகராறு என்று நினைத்து நாலாபக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவன் அகப்பட்டான். உள்ளே திரிஷா இருந்தார்.

3

அவனை என்னால் எழுத முடியவில்லை. ஒரு பிள்ளைப்பிராயம் கொடுத்துப் பார்த்தேன்: மயிலாடும்பாறையில் தகப்பனில்லாமல் வளர்ந்த அவன்

வேண்டாம். தகப்பனில்லாமல் வளர்ந்த எத்தனையோ பேர் ஒழுங்காக மருந்தடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவனுக்குப் பெயரும் கிடையாது.

எழுதிக்கொண்டிருந்த நாட்களில் பகலிலேயே கனவு வந்தது. பந்தலுக்கு அடியில் குனிந்து நடக்கிறேன். இலைகளை ஊடுருவி வரும் வெளிச்சம் பச்சையாகத் தரையில் ஆடுகிறது. தலைக்கு மேலே குலைகள் மெதுவாக மூச்சுவிடுகின்றன. நடக்க நடக்கப் பந்தலும் கூடவே நீள்கிறது. எங்கோ முன்னால் ஒரு புடவை தெரிகிறது. கூப்பிட நினைக்கிறேன், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

4

தேனி கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டிருக்கிறார்.

"போட்டேன்யா. மருந்தடிச்ச தோட்டம்னு யாரும் வரல."

இதைத் திரிஷா சொன்ன பிறகுதான் மற்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல வந்தார்கள். சாகும்வரை சிறை என்று தீர்ப்பானது. (இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

5

சொன்னபடி படித்துக் காட்டப் போனேன். திரிஷா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். இரண்டு முடிவுகள் படித்தேன். முதலாவதில் தீர்ப்பைக் கேட்டுக் கோர்ட் வாசலில் அழுகிறார். இரண்டாவதில் அதே தோட்டத்துக்குப் போய்த் துணியை அவிழ்த்துத் தீவைக்கிறார்.

"ரெண்டுலயும் நானா இல்லயே. தீர்ப்பு அன்னைக்கு எனக்கு நல்ல பசி. பரோட்டா தின்னேன்."

மூன்றாவதாக என் கனவைப் படித்தேன். எனக்கு அதில் ரகசியமாகக் கொஞ்சம் பெருமை. பச்சை வெளிச்சத்தில் பந்தல் நீண்டுகொண்டே போவதோடு அந்த முடிவு நின்றிருந்தது. கீரை உருவிய கை நின்றது.

"இப்ப நான் எங்கன நிக்கிறேன்?"

"பந்தலுக்கு அடியிலக்கா."

"இன்னுமா?"

கீரையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவனுக்குத் தீர்ப்புச் சொல்லி உள்ள போட்டாக. சரி. எனக்கு யாரும் விடுதலை சொல்லலையே ஆத்தா. உன் மாமா அங்கனயே விட்டுட்டுப் போனாக. நீயும் அழகா எழுதி அங்கனயே விட்டுட்டியே."

அழுகை வந்தது எனக்குத்தான்.

6

மூன்று முடிவுகளையும் எடுத்துவிட்டேன். நான்காவது என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்: அவர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, ரோட்டில் நின்று, சின்னமனூர் பஸ்ஸை நிறுத்துகிறார். நீங்கள் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. இவ்வளவு நேரம் இதைப் படித்துவிட்டு, அவரை உங்களுக்கு அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும். அது கஷ்டம்தான். முயற்சி செய்யுங்கள்.

ஜன்னலோரம் கேட்டால் நகர்ந்து கொடுங்கள்.