பத்து அடியாட்கள்

அபிலாஷ் அண்ணன் பகடையை உருட்டக்கூட இல்லை. "நாலு பேர் காலி" என்றார்.

வேல்ராஜ் மேசையில் ஓங்கித் தட்டினான். "எப்பா! ஒரே குத்துல நாலு பேரா? இந்த ரூல் நல்லா இருக்கே அண்ணே."

"இதுக்குப் பேரு அடியாள் விதி" என்றார் அவர். "எத்தனை அடி தாங்குவான்னு கணக்கு வைக்கிற உயிர்ப்புள்ளி எல்லாம் வில்லனுக்குத்தான். அடியாளுக்குக் கிடையாது. அடி பட்டா விழுந்துருவான். சூப்பர்ஹீரோ கதைன்னா வேகமாப் போகணும்ல?"

கதையில் வரும் கடத்தல் படகின் மேல்தட்டில் இன்னும் ஆறு பேர் மிச்சம் இருந்தார்கள். அந்த நேரம் வரைக்கும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரெனிஷோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேல்ராஜின் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே வத்தல் மூட்டை அடுக்கிய அறையில்தான் நானும் ரெனிஷும் வேல்ராஜும் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆடுகிறோம். போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஹீரோவாகிப் பேசுவோம், பறப்போம், அடி வாங்குவோம். எது நடக்கும், எது நடக்காது என்று சொல்ல ஒரு விதிப்புத்தகமும் பகடையும் போதும். எங்களிடம் மூன்று விதிப்புத்தகங்கள் இருந்தன, மூன்றும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டவை. அட்டை நிறத்தை வைத்துத்தான் அவற்றுக்குப் பெயர். பச்சையில் ஒவ்வொரு சக்திக்கும் விலை உண்டு. மலையைத் தூக்குகிறவர்களும் சூரியனை விழுங்குகிறவர்களும் வரும் கதைக்கு அது சரி. சிவப்பில் ஒரு தோட்டா பட்டால் ஹீரோவும் சாவான். முகமூடி மாட்டிக்கொண்டு சந்துகளில் அலைகிறவர்களுக்கு அது. நீலத்தில் பகடையைவிட மனசுதான் பெரிது. அம்மாவிடம் பொய் சொன்னால் பறக்கும் சக்தி குறையும். எந்தக் கதைக்கு எந்த விதி என்று சொல்வது என் வேலை. அதில் நான் தப்பியதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நானே ஒரு உலகம் எழுதினேன். பெயர் 'மூச்சு'. கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளையும் பார்களில் மூழ்கி எழுந்த சிலருக்குச் சக்தி வருகிறது, ஆனால் மூச்சைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அது நிற்கும். மூச்சு விட்டால் சாதாரண ஆள். இருநூறு பக்கம். ரெனிஷ் அதற்கு எட்டு மாதம் படம் போட்டான். அவன் ஒரு ஷிப்பிங் ஆபீசில் கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். அந்த வேலையை விட்டுவிட்டுப் படம் மட்டும் போட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. அபிலாஷ் அண்ணனைப் பிடித்துக் கொண்டுவந்ததும் அவன்தான். அண்ணனுக்கு ஊர் பக்கத்தில் நாசரேத். பெங்களூரில் விளையாட்டுப் புத்தகம் போடுகிற கம்பெனி வைத்திருக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர், ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்து ஒத்துவந்தால் இன்றைக்கே கையெழுத்து என்று சொல்லியிருந்தார். சாயங்கால ரயிலுக்கு முன்னால் முடிவு. அட்டையில் என் பெயரும் ரெனிஷ் பெயரும் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, அவர் கம்பெனியின் விதியில்தான் அந்த உலகம் ஓட வேண்டும். மஞ்சள் அட்டை, வழவழப்பான தாள். இரண்டே நாளில் படித்துவிட்டுப் பொருந்தும் என்று சொன்னவள் நான்தான்.

"அஞ்சாவது ஆளு எங்கண்ணே நிக்கான்?" என்று வேல்ராஜ் கேட்டான். "கிட்ட நின்னா அவனையும் சேத்து குத்திருதேன்."

"எங்கே வேணும்னாலும் நிக்கட்டும். அஞ்சாவது ஆள்தானே."

"அப்படி எங்கயும் நிக்க முடியாது" என்றேன். "விசைப்படகுல ஆளு நிக்க எடமே கொஞ்சம். ரெண்டு பேரு முன்னணியத்துல, படகு மூக்குல. ரெண்டு பேரு வலைகிட்ட. அஞ்சாவது ஆளு வலை இழுக்குற விஞ்சுப் பக்கம். பெர்க்மான்ஸ் மாமா அங்கனதான்…"

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பெயர் வெளியே வந்துவிட்டது.

"யாரு அது?" என்றார் அபிலாஷ் அண்ணன்.

"எங்கப்பா டிரைவரா இருக்குற போட்ல விஞ்சு ஓட்டுறவரு."

"சரி, அஞ்சாவது ஆளு பெர்க்மான்ஸ். வேல்ராஜ், குத்துங்க."

வேல்ராஜ் குத்தவில்லை. "ஏளா, அப்ப முன்ன விழுந்த நாலு பேரு யாரு?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. முன்னணியத்தில் கொரேரா வீட்டு ஜெரோமும் அவன் தம்பியும். வலைகிட்ட சிலுவைப்பட்டியிலிருந்து வருகிற லூர்தையா, பக்கத்தில் கர்டோசா வீட்டு ஜெயசிங்.

"ஜெயசிங் அண்ணாச்சியா? திங்கக்கிழமை காலைல படகுக்கு அரிசி பருப்பு வாங்க நம்ம கடைக்குத்தானே வாராரு!"

"அவரைத்தான் நீ இப்பக் குத்துன."

"அடப்பாவி, நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ரெனிஷ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை.

"ஜெஸ்லின்" என்றார் அபிலாஷ் அண்ணன், சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில். "இது கதைம்மா. உங்க அப்பா படகு இல்லை."

"எங்க அப்பா படகுதான். நீளம், ஐஸ் பெட்டி, விஞ்சு எல்லாம் அதைப் பாத்துத்தான் எழுதுனேன்."

"ஆளுங்களை மட்டும் ஏன் எழுதல?"

என் கையெழுத்துப் பிரதியை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். உரக்கப் படித்தார். "'கடத்தல்காரனின் ஆட்கள், பத்துப் பேர். நிழல்களைப் போலத் திரிகிறார்கள்.' இது நான் எழுதினதா?"

நான் எழுதியது. அந்த வரியை எழுதிய அன்று அதையே திரும்பத் திரும்பப் படித்து ரசித்திருக்கிறேன். நூலகத்திலிருந்து எடுத்து வரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் அப்படித்தான் இருக்கும். காவலாளிகள் சிலர், மாலுமிகள் பலர், பனியில் அசையும் உருவங்கள். தூரத்து ஊர்களின் பனியை இங்கே கொண்டுவந்து, எங்கள் வீட்டுத் திருநாளுக்கு வந்து சோறு தின்றவர்கள் மேல் போர்த்தி மூடியிருக்கிறேன்.

"உங்க உலகத்து மேல என் ரூலை நான் திணிக்கல" என்றார். "உங்க உலகம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு. ரொம்பக் கச்சிதமான பொருத்தம். அதனாலதான் எனக்குப் பிடிச்சுது."

அவரை அறைய வேண்டும்போல இருந்தது. சொன்னது உண்மையாக இருந்ததால் அது இன்னும் கூடியது. பென்சிலை எடுத்து ஒரு தாளில் வரிசையாகக் கட்டம் போட்டேன்.

"பத்துப் பேருக்கும் உயிர்ப்புள்ளி குடுங்கண்ணே. ஹீரோவுக்கு உள்ள மாதிரியே."

"குடுத்தா இந்த ஒரு சண்டை மூணு மணி நேரம் ஓடும்."

"ஓடட்டும்."

"எவன் உக்காந்து ஆடுவான்?"

கட்டங்களுக்குள் பெயர்களை எழுதினேன். ஜெரோம், அவன் தம்பி கஸ்பார், லூர்தையா, ஜெயசிங், பெர்க்மான்ஸ் மாமா. சமையல் பண்ணுகிற சந்தியாகு தாத்தா. இஞ்சினைப் பார்க்கிற மிராண்டா. போன வருடம் காலேஜை விட்டு வந்த டெனிஸ்டன். என் அப்பா ரோச். அப்பா பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. கதைப்படி அவரும் அந்தப் படகில் இருந்தாக வேண்டும்.

ஒன்பது.

"பத்தாவது?" என்றார் அபிலாஷ் அண்ணன்.

பத்தாவது ஆள் ஐஸ் உடைக்கிறவர். ஒடிசாக்காரர். போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் வந்து சேர்ந்தார். அப்பா கொடுத்துவிடும் இறாலைப் பையில் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். தண்ணீர் கொடுத்திருக்கிறேன். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது தலையை ஆட்டுவார். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை.

"தெரியலையா?" அபிலாஷ் அண்ணன் சிரித்தார். "அப்போ அவன் அடியாள். பத்துல ஒருத்தனையாவது எனக்கு விடுங்கம்மா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடல் கிடையாது. மீன்பிடித் துறைமுகத்தில் இஞ்சினுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, நம்ம போட்ல ஐஸ் உடைக்கிறவரு பேரென்ன?"

"யாரு, பையாவா?" வடக்கே இருந்து வந்தவர்கள் எல்லோரும் அப்பாவுக்குப் பையாதான்.

"பேரு கேக்கேன்."

"பையாதாம்ளா. ஏன், போலீஸ் எதும் விசாரிக்கானா?"

"ஒரு வருசமா உங்ககூட கடலுக்கு வாராரு. பேரு தெரியாதாப்பா?"

"ஏளா, யாருகிட்ட சத்தம் போடுத? வாய்யான்னா வாரான், போய்யான்னா போறான். பேரு என்னத்துக்கு?"

"கேட்டுச் சொல்லுங்க. இப்பவே."

அப்பா முணுமுணுத்தார். "இங்கனதான் வலைமேல இருக்கான், இரு" என்றார். "பையா, தும் நாம் என்ன?" என்று அரைகுறை இந்தியில் அவர் கத்துவதும், சுற்றி நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது. "ஆடிபந்துவாம்."

"அவருகிட்டயே குடுங்க."

ஒரு குரல் மெல்ல, பிரித்துப் பிரித்துச் சொன்னது. "ஹாடிபந்து. ஹாடிபந்து பெஹரா." பிறகு ஏதோ கேட்டது. அப்பா குறுக்கே வந்தார். "எதுக்குன்னு கேக்கான்."

உங்களை ஒருத்தன் குத்தப் போகிறான், அதற்கு முன்னால் தெரிந்துகொள்ளத்தான். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சும்மாதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பத்தாவது கட்டத்தில் பெயரை எழுதினேன். அபிலாஷ் அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இந்தமுறை சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரல் இல்லை.

"நல்ல விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா நீங்க இப்ப கேக்குற உலகத்துக்கு என் ரூல் பொருந்தாது. நான் விக்கிறது ரூலை. உலகம் அதை விக்கிறதுக்குத்தான்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. ஆளுங்களை எடுத்துருவோம். ரோபோன்னு போட்ருவோம். வில்லன் செஞ்ச பத்து ரோபோ. யாரும் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. இன்னைக்கே கையெழுத்து போட்ரலாம்."

"ரெண்டே நாள்ல வரைஞ்சிருவேண்ணே" என்றான் ரெனிஷ். "ஏளா, ரோபோ நல்லாதான் இருக்கும். சரின்னு சொல்லு."

சரி என்று சொல்ல ஒரு நொடி போதும். ரெனிஷின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் படகில் ஆட்கள் ஏன் ஏறினார்கள் என்பதுதானே கதை? முதலாளி சொன்ன சரக்கை ஏற்றாவிட்டால் அடுத்த நாள் வேறு ஆள் ஏறுவான். அதனால் ஏறினார்கள். ரோபோவுக்கு அந்தப் பயம் ஏது?

"முதல்ல நான் அவங்களை நிழலாக்குனேன்" என்றேன். "இப்ப தகரமாக்கச் சொல்லுதீங்க. முடியாதுண்ணே."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன்."

அவர் மஞ்சள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று பேருக்கும் கைகொடுத்துவிட்டு இறங்கினார். "தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று வேல்ராஜின் அப்பா கீழே சொல்வது கேட்டது. ரயிலுக்கு நேரமாச்சு அண்ணாச்சி என்று அவர் சொன்னதும் கேட்டது.

ரெனிஷ் எழுந்தான். மேசையில் பரப்பிவைத்த படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவசரமே இல்லாமல் பொறுக்கினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ரெனிஷு…"

"அட்டையில ரெண்டு பேரு. முடிவு மட்டும் ஒருத்தி எடுப்பா. அப்ப நான் யாரு? நாலாவது ஆளா, அஞ்சாவது ஆளா?"

வேல்ராஜ் "விடுலே" என்றான். ரெனிஷ் விடவில்லை. படகுச் சண்டைப் படத்தை என் முன்னால் போட்டான். கரிய மேல்தட்டு, பின்னால் கடல், பத்துக் கறுப்பு உருவங்கள்.

"முதல்ல எல்லாருக்கும் மூஞ்சி வரைஞ்சுதான் குடுத்தேன். ஞாபகம் இருக்கா? அழிக்கச் சொன்னது யாரு? நிழலா இருந்தாதான் அழகுன்னு நீதான் சொன்ன. மை ஊத்தி அழிச்சேன். ஒண்ணொண்ணா. இப்ப வந்து பெரிய நியாயஸ்தி."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவன் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் படத்தை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினான். நானும் பின்னால் ஓடினேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அவன் சொன்னதற்குத் திருப்பிக் கொடுக்க ஏதாவது வேண்டும் என்றுதான் ஓடினேன். அவன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்பவில்லை.

"ஹாடிபந்துக்கு முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும்" என்றேன்.

"அதுக்கு?"

"வரையுறதா இருந்தா."

உதைப்பதை நிறுத்தினான். முகம் சிவந்துபோய் இருந்தது. "எந்தப் பல்லு? இடதா, வலதா?"

யோசித்துப் பார்த்தேன். செம்பு ஞாபகம் வந்தது, தலையாட்டல் ஞாபகம் வந்தது.

"தெரியல."

"பேரும் தெரியாது, பல்லும் தெரியாது. இதுக்குத்தான் அம்புட்டுச் சத்தமா? போளா. போய் ஒழுங்காப் பாத்துட்டு வா. பத்துப் பேரையும் பாரு. அதுவரைக்கும் என்கிட்ட பேசாத."

அடுத்த உதையில் பைக் கிளம்பிவிட்டது. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவன் தெருமுனையைத் தாண்டும் வரைக்கும் கல்லெடுத்து எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸுக்காகச் சாலையைத் தாண்டி நின்றேன்.