மொன்ஸெஃபின் கடைசி வார்த்தை

வெந்நீர் அண்டாவை வஸீலாவும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிவந்து அறை வாசலில் வைத்தார்கள். உள்ளே இறந்துபோன வாப்பாவைக் குளிப்பாட்ட ஆண்கள் நின்றிருந்தார்கள். பெரியப்பா ஹம்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"நீதானம்மா கூட இருந்த? கடைசி மூச்சுல அல்லாஹ் பேரச் சொல்லி கலிமா சொன்னாரா?"

கூடத்தான் இருந்தாள். அன்று காலை "வாப்பாவப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உம்மா சந்தைக்குப் போயிருந்தாள். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர் வாப்பா மொன்ஸெஃப். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறும். முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் விளங்கும்.

வஸீலா எதிர் சோபாவில் இருந்தாள். மாமன் மகள் தன் நிச்சயத்துக்கு உடுப்புப் படங்களை அனுப்பி, பச்சையா ஊதாவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா ஏதோ சொன்னார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றாள். மறுபடியும் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

"சரி வாப்பா, சரி."

ஊதா என்று தட்டி அனுப்பினாள். அப்புறம் அவர் பேசவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உம்மா திரும்பி வந்து அலறியபோதுதான் நிமிர்ந்தாள்.

"உன்னத்தாம்மா கேக்குறேன்," என்றார் பெரியப்பா.

கூடத்தில் உட்கார்ந்திருந்த உம்மா தலையைத் தூக்கினாள்.

"சொன்னாரு," என்றாள் வஸீலா.

"அல்ஹம்துலில்லாஹ்!" அதுவரை கல்லாக இருந்த உம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"கொடுத்து வச்ச மனுஷன். மக பக்கத்துல இருக்க, கலிமாவோட போயிருக்காரு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பெரியப்பா மகன் அதை உடனே குடும்பக் குழுவில் போட்டான். அடக்கம் முடிவதற்குள் கடல் தாண்டி மார்செய் நகரத்துச் சொந்தங்கள் வரை செய்தி போய்விட்டது. 'உன்ன மாதிரி ஒரு மக வேணும்' என்று மாமன் மகள் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தாள். அதற்கு நேர் மேலே அவள் அனுப்பிய 'ஊதா' இருந்தது. அனுப்பிய நேரமும் இருந்தது.

மூன்று நாள் ஆட்கள் வந்து போனார்கள். துக்கத்தில் குனிந்த தலை எது, போனில் குனிந்த தலை எது என்று வஸீலாவுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பகலில் கூடம் காலியானதும் உம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் கிளம்பறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்ல வந்தாரு. வந்து கேக்குறேன்னு கைய உருவிக்கிட்டுப் போயிட்டேன். உங்கிட்ட ஏதும் சொன்னாரா?"

வஸீலா வாயைத் திறந்தாள். பிறகு இல்லையென்று தலையசைத்தாள்.

"கலிமா மட்டுந்தானா?"

"ஆமா உம்மா."

"அது தெளிவா வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

உம்மா எழுந்தாள்.

"அப்ப எனக்குன்னு சொல்ல ஒண்ணுமில்லபோல."

வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.