மூன்றாம் மாடியில் ஒரு கசிவு

எங்கள் வகுப்பு நடக்கும் கடை வளாகம் ஆற்றல் சிக்கனச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்ததால், மாலை வகுப்பில் மெதுவாக மூச்சு விடும்படி சொல்லியிருந்தார்கள். நான் அப்படியே செய்தேன். சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை.

படிக்கட்டு விளக்கை அணைத்ததிலிருந்து மூன்றாம் மாடி சற்றுத் தள்ளிப் போயிருந்தது. மின்விசிறியைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் அதன் படத்தை ஒட்டியிருந்தார்கள். சூசைநாதன் சார் அதன் கீழே நின்று கணக்குப்பதிவியல் நடத்தினார். அவர் தலைமுடி பறந்தது.

என் பக்கத்து நாற்காலி செண்பகா அக்காவுடையது. இருவரும் ஒன்றாகத்தான் வகுப்பில் சேர்ந்தோம். அக்கா பங்குனியில் இறந்துவிட்டாள். நாற்காலி மட்டும் ஆறவில்லை. தினமும் வந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போதுதான் ஒருவர் எழுந்துபோனதுபோல் இளஞ்சூடாக இருக்கும். வீட்டில் அவளுடைய பொருள் எதிலும் அந்தச் சூடு இல்லை. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். கருவி எதுவும் கொண்டுவரவில்லை. கடைகளுக்குச் சாம்பிராணி போடும் சாகுல் பாயைக் கூட்டி வந்தார். கட்டடத்தில் எங்கே வெப்பக் கசிவு இருக்கிறதோ அங்கே புகை சாயும். அவர்கள் பின்னால் கட்டட உரிமையாளர் தங்கப்பழம் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு வந்தார். சான்றிதழ் கிடைக்காவிட்டால் கட்டடத்துக்குச் சீல் வைத்துவிடுவார்கள்.

புகை ஜன்னலுக்குப் போகவில்லை. கதவுக்கும் போகவில்லை. வகுப்பை ஒருமுறை சுற்றிவிட்டு அக்காவின் நாற்காலிக்குள் இறங்கியது.

"இங்க யாரு உக்காருவாங்க?" என்றார் ஆய்வாளர்.

"எங்க அக்கா சார்."

"உயிரோட இருக்காங்களா?"

"இல்ல சார்."

அவர் நாற்காலியில் உள்ளங்கையை வைத்தார். "ஆள் இருந்து சூடு வந்தா பயன்பாடு. ஆள் இல்லாம சூடு வந்தா கசிவு. அடைச்சிடணும்."

"எத வச்சு சார் அடைப்பீங்க?"

"குளிர வெச்சுதான்."

அண்ணாச்சி என் தோளைத் தொட்டார். "எய்யா, கீழ அத்தன கடை இருக்கு. அத்தன பேரு பொழப்பு. ஒங்கக்கா நல்ல பிள்ள, கோவிச்சுக்க மாட்டா."

"கோவிப்பா அண்ணாச்சி."

"ஆமா, கோவிப்பா" என்றார் சாகுல் பாய். "பொக கண்ணுல பட்டுச்சுன்னு என்னய எத்தன ஏச்சு ஏசியிருக்கா."

நான் யோசித்தேன். ஆய்வாளர் சொன்ன விதியில் ஒரு வழி இருப்பதாகத் தோன்றியது. தவறாகவும் இருக்கலாம்.

"ஆள் உக்காந்தா பயன்பாடுதான சார்?"

"ஆமா."

எழுந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பலகை இருக்க வேண்டிய இடத்தில் மடி இருந்தது.

"தள்ளி உக்காருலே" என்றாள் அக்கா. "எலும்பு குத்துது."

ஆய்வாளர் நிமிர்ந்தார். "ரெண்டு குரல் கேட்டுச்சே?"

"பயலுக்குத் தொண்ட ஒடையிற வயசு சார்" என்றார் சாகுல் பாய். எனக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. நான் மறுக்கவில்லை.

புகை நேராக எழுந்து நின்றது.

"இந்தச் சூடு இனிமே உங்க கணக்கு" என்றார் ஆய்வாளர். "நீங்க எழுந்தா கசிவு." பிறகு நான் விட்டுவந்த நாற்காலியைத் தொட்டார். அவருக்குத் திருப்தியாக இருந்தது. "இதுல சுத்தமா சூடே இல்லையே. யாரோடது?"

சூசைநாதன் சார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "யாரோடதும் இல்ல சார்."

ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அண்ணாச்சி சான்றிதழைச் சுவரில் ஒட்டினார். எனக்கு நன்றி சொல்ல வந்தவர், என் பெயர் நினைவுக்கு வராமல் சிரித்துவிட்டுப் போனார். வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். கீழே ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா தேடுவா. எந்திரிச்சுப் போலே" என்றாள் அக்கா.

"யாரத் தேடுவா? ஒன்னயா, என்னயா?"

அவள் என்னைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது.

சூடு இப்போது எங்கள் இருவரில் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. எழுந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் எழவில்லை.