ஸ்ரீநாத் முடிக்காத நாவல்

நோரா இறந்து முப்பதாம் நாள் காலையிலிருந்து, அடையாறு காந்தி நகரில் குடியிருந்த ஸ்ரீநாத்தின் கண்ணுக்கு, எழுத்து இருந்த இடத்திலெல்லாம் அவளுடைய நாவல்தான் தெரிந்தது. கைபேசியில் முதல் பக்கம். மாத்திரை அட்டையில் முதல் பக்கம். பேருந்தின் நெற்றியில், ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'செவ்வாய்க்கிழமை லாரி வராது என்று சொன்னவன் மீது தெருவில் யாருக்கும் கோபமில்லை' என்ற முதல் வரி. கண் மருத்துவர் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னபோதும் அவன் அந்த வரியையே சொன்னான். பார்வையில் குறையில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டிலும் லாரி வரவில்லை. கண்ணை மேலோட்டமாக ஓட்டினால் பக்கம் நகரவில்லை. ஒழுங்காகப் படித்தால் நகர்ந்தது.

ஸ்ரீநாத் இணையத்தில் வாரம் மூன்று புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவன். நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். பின்னட்டையையும் முதல் பத்துப் பக்கத்தையும் படித்துவிட்டு எழுதுவது அவன் வழக்கம். அந்த வட்டத்தில் பலருக்கும் அதுதான் வழக்கம். நோரா மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியை. ராயப்பேட்டையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு தெருவைப் பற்றி எழுதி, பதிப்பாளர் கிடைக்காமல், தானே மின்னூலாக ஏற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஸ்ரீநாத் ஒரு நட்சத்திரம் போட்டான். 'கடைசியில் நாயகி சாவது செயற்கை' என்று எழுதினான். நோரா அதை மருத்துவமனைக் கட்டிலில் படித்தாள். "என் கதைல யாருமே சாகலையே, டெரன்ஸ்," என்றாள். அவள் கணவன் டெரன்ஸ் பணிவாக ஒரு பின்னூட்டம் போட்டான். 'வேற ஏதோ புக்கோட கன்ஃப்யூஸ் ஆயிட்டேன் போல, சாரி ப்ரோ' என்று சிரிப்புப் பொம்மையுடன் பதில் வந்தது. விமர்சனம் அப்படியே இருந்தது. தினமும் காலையில் நோரா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பதினோராம் நாள் இறந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

ஸ்ரீநாத் ஒரு வாரம் தவித்துவிட்டு, வேறு வழியில்லாமல் படிக்கத் தொடங்கினான். செய்தித்தாளில் இருபது பக்கம், தி. நகரில் துணிக்கடை விளம்பரப் பலகைகளில் எட்டுப் பக்கம். நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில், மனம் கேட்காமல், மயிலாப்பூருக்குப் போய் டெரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவன் செய்த தவறு அது ஒன்றுதான். அதுவரை டெரன்ஸுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

"பதினாலு பக்கந்தான் பாக்கி, சார். அந்த ரெவ்யூவையும் வைஃப் எடுத்துட்டா."

"அந்தக் கதைல யார் சாகுறா?"

"யாரும் இல்ல, சார்."

"சரி. காபி குடிங்க."

அவன் போனதும் டெரன்ஸ் நோராவின் கணக்கைத் திறந்தான். சொந்தமாக மின்னூல் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வெளிவந்த பிறகும் மின்னூலின் கோப்பை மாற்றி ஏற்றிக்கொண்டே இருக்கலாம். அன்று மூன்று பக்கம் சேர்த்தான். மறுநாள் மூன்று. முதலில் நோரா கைபேசியில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் போட்டான். விமர்சகர்களுக்குப் பிரதி அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதைப் பற்றி. தெரியாதவர்கள் விருப்பக்குறி போட்டதும் சோறு ருசித்ததைப் பற்றி. நாலு பேர் முழுசாகப் படித்தால் போதும் என்பதைப் பற்றி. அவை தீர்ந்ததும் அவளைப் பற்றித் தானே எழுதினான். அவள் துப்பட்டாவை மடிக்கும் விதம். ஊசி போட்ட கையின் வீக்கம். பதினோரு காலைகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம்.

ஐந்தாம் மாதம் ஸ்ரீநாத்தின் மனைவி மதுவந்தி வந்தாள். "ஆத்துல கரண்ட் பில்லக்கூட நான்தான் படிச்சுக் காட்டறேன். தப்பு அவர் பேர்லதான். எப்போ முடியும்னு மட்டும் சொல்லுங்கோ."

"நோராவும் டாக்டர்கிட்ட அதான் கேட்டா," என்றான் டெரன்ஸ்.

நோராவின் அண்ணன் வால்டர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனைப் பிடித்தான். "இன்னா மச்சி, இன்னும் எழுதிக்கினே கீறியா? வுட்டுடு அவன. நோரா பாப்பாவுக்கே இதெல்லாம் புடிக்காது."

"அவளுக்குப் புடிக்காதது நெறைய நடந்துச்சு, மச்சான்."

"நீயும் மனுசனாத் தெரியல. ஒழுங்கா சாப்புடு."

"சாப்புடறேன்."

இரண்டு வருடங்கள் போயின. நாவல் இரண்டாயிரத்து நானூறு பக்கத்தைத் தாண்டியது. ஸ்ரீநாத்தை அவன் வேலை பார்த்த அலுவலகம் தொலைபேசியில் பேசுகிற வேலைக்கு மாற்றியது. பேருந்து எண்ணை நிறுத்தத்தில் யாராவது சொன்னார்கள். காந்தி நகரில் அவனைப் பற்றிப் பேச யாருக்கும் புதிதாக ஒன்றுமில்லை. அந்த நாவலை முழுசாகப் படித்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

மார்ச் மாதம் அவன் சொல்லச் சொல்ல மதுவந்தி தட்டிய செய்தி ஒன்று டெரன்ஸுக்கு வந்தது. 'சார், பக்கம் 871ல் நோரா மேடத்தின் மூக்குக்கண்ணாடி பழுப்பு. 2106ல் கறுப்பு. பழுப்புதான் சரி என்று நினைக்கிறேன்.'

டெரன்ஸ் அலமாரியைத் திறந்து பார்த்தான். பழுப்புதான். அவனுக்கே மறந்திருந்தது.

நிறத்தைத் திருத்தினான். நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு மூன்றுக்குப் பதில் ஆறு பக்கம் ஏற்றினான். அடையாறில் மதுவந்தி புதிதாகப் பிரித்த சாம்பார்ப் பொடி அட்டையைக் கணவனிடம் நீட்டினாள். ஸ்ரீநாத் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, படிக்க உட்கார்ந்தான்.